நான்காம் தட்டு

இந்தக் கதை எனக்கு நேரடியாகத் தெரிந்ததல்ல. விடுதியில் ஓராண்டு என்னோடு ஒரே அறையில் இருந்த ஜெசிமா சொன்னது. இதில் பாதியை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தாள், மீதியை அவளோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்த தவமணி அவளிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு வாய் கடந்து என் கைக்கு வந்த கதை இது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதிவிட்டால் யாராவது வந்து பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று இன்றைக்கும் ஒரு பயம் உண்டு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தவமணியின் மனசுக்குள் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஓடியதாக நான் எழுதுவதில், ஜெசிமா சொன்னது முக்கால் பங்கு. கால் பங்கு, அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் என்ன நினைத்திருப்பேனோ அது.

சாயம் ஊற்றியாகிவிட்டது. இனிக் கால் மணி நேரத்துக்குத் தவமணி செய்ய வேண்டியது எதுவுமில்லை, அதுதான் கொடுமை. கைக்கு வேலை இருக்கும்வரை மனசு கையோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். கை ஓய்ந்ததும் கட்டறுத்த கன்று மாதிரி ஓட ஆரம்பித்துவிடும். மேசைமேல் உள்ளங்கை அகலத்தில் நான்கு தட்டுகள், நான்கிலும் கெட்டி ஊதாச் சாயம், நாவல்பழத்தைப் பிழிந்து ஊற்றியது போல. உள்ளே துளை விழுந்திருக்கிறதா என்று பார்க்கவே முடியாது. மூடிகளின்மேல் ஜெசிமாவின் கோணல் கையெழுத்தில் அ, ஆ, இ, ஈ. எந்தத் தட்டில் எது ஊற்றியிருக்கிறது என்பது தவமணிக்குத் தெரியாது. மாதிரிகளை ஊற்றி, தட்டுகளின் அடியில் ஓரமாக எழுதி, மேலே கறுப்பு நாடா ஒட்டி மறைத்தவள் ஜெசிமாதான். அவள் கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தவமணி நிமிர்ந்து பார்த்தாள். "என் மூஞ்சியைப் பாக்காதடி," என்றாள் ஜெசிமா, "அதுல விடை எழுதியிருக்கா? சாயத்தைப் பாரு." சாயத்தைப் பார்த்து என்ன செய்ய. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கிறீச்சிட்டது. வெளியே வெயிலில் வேப்பமரம் அசையவில்லை. சனிக்கிழமை என்பதால் தளத்தில் வேறு யாருமில்லை, தவமணியின் ஆய்வு வழிகாட்டி எபனேசர் சார் மட்டும் கீழே அவர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அம்மா இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள். சாப்பிட்டிருப்பாளா. இல்லை, வேண்டாம், அம்மாவை நினைக்கக் கூடாது, இந்தக் கால் மணி நேரம் முடியும்வரைக்கும் அம்மாவை நினைக்கக் கூடாது, நினைத்தால் கண் அவளுக்காகப் பார்க்க ஆரம்பித்துவிடும், இல்லாத துளை தெரியும், இருக்கிற துளை பெரிதாகத் தெரியும்.

சாக்குத் தையலை நினைக்கலாம். கோழித்தீவனச் சாக்கின் வாயில் ஒரு தையல் போட்டிருப்பார்கள், சங்கிலி மாதிரி. சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று ஒரே இழுப்பில் முழுசாக உருவிக்கொண்டு வந்துவிடும். தப்பான முனையைப் பிடித்தால் இறுகும், எத்தனை பலசாலி இழுத்தாலும் சாக்கு வாயைத் திறக்காது. பள்ளிக்கூடம் விடுமுறை என்றால் அம்மாவோடு பண்ணைக்குப் போய் அந்த நூலை உருவுவதுதான் சின்ன வயசில் அவளுக்கு விளையாட்டு. ஆராய்ச்சிக்கு வந்த முதல் மாதத்தில், கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோயின் வைரஸ் மேற்பரப்பில் முள்முள்ளாக நிற்கிற புரதத்தைப் பற்றிப் புரியாமல் தலையை உடைத்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று அந்தச் சாக்குதான் ஞாபகம் வந்தது. அந்தப் புரதமும் தைத்த சாக்குதான். ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டுப்பட்டால்தான் அது விரியும், விரிந்தால்தான் வைரஸ் கோழியின் செல்லுக்குள் நுழையும். வெட்டுகிற கத்தி வைரஸிடம் கிடையாது, கோழியின் உடம்பில்தான் இருக்கிறது. சாதுவான வைரஸுக்கு வெட்டுமிடத்தில் பிடி குறைவு. மூச்சுக்குழாயிலும் குடலிலும் இருக்கிற ஒன்றிரண்டு கத்திகளுக்குத்தான் அது வசப்படும், அதனால் அங்கேயே தங்கி ரெண்டு தும்மல், கொஞ்சம் கழிச்சலோடு போய்விடும். அந்த சாதுவைத்தான் தடுப்பு மருந்தாகவே கொடுக்கிறோம், பண்ணைகளில் லசோட்டா என்பார்கள். முரட்டு வைரஸுக்கோ அதே இடத்தில் நேர்மின் ஏற்றமுள்ள அமினோ அமிலங்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும், நூல்முனை வெளியே தொங்குகிற சாக்கு மாதிரி. யார் கையும் உருவிவிடும். உடம்பில் எந்த உறுப்பிலும், எந்த செல்லிலும் அதற்கான கத்தி உண்டு. மண்ணீரலுக்குள் போகும், மூளைக்குள் போகும், கோழியின் கழுத்து முறுக்கிக்கொள்ளும், வானத்தைப் பார்த்தபடி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி விழும். மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கிற இரண்டு வைரஸ்கள். ஒன்று மருந்து, ஒன்று எமன். வித்தியாசம் அந்த நாலைந்து கண்ணித் தையலில். இதை அம்மாவிடம் சொன்னபோது அம்மா சிரித்தாள். "அதுக்கு இத்தன வருசம் படிக்கோணுமா கண்ணு? சாக்கப் பிரிக்க எனக்கே தெரியுமே." மறுபடி அம்மா. எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கேதான் போய் நிற்கிறது.

சரி, அங்கேயே போகட்டும். அம்மா, செல்லாயி, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முட்டைப் பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். தடுப்பு மருந்து கலக்குவதும் அவள்தான், கை சுத்தம் என்று முதலாளியே அந்த வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார். அன்றைக்குத் திடீரென்று, முறை வராத நாளில், இன்றே மருந்து கொடுக்க வேண்டும் என்றார். காலையில் கோழிகளுக்குத் தண்ணீரை நிறுத்தித் தாகப்படுத்தினார்கள், அம்மா பால் பவுடரைத் தண்ணீரில் கரைத்தாள், குழாய்த் தண்ணீரின் குளோரின் மருந்தைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக, பிறகு மருந்துக் குப்பியை வாளித் தண்ணீருக்குள் முழுக்கி அங்கேயே மூடியைத் திறந்தாள், எப்போதும் போல. மூன்றாம் நாளிலிருந்து கொட்டகை கொட்டகையாகக் கோழிகள் செத்தன. ஒரு கால்நடை மருத்துவர் வந்து, உயிரோடு இருந்த நோய்க்கோழிகளின் தொண்டையைத் துடைத்தெடுத்துத் தவமணியின் கல்லூரிக்கே அனுப்பினார். செத்ததையெல்லாம் அதற்குள் குழியில் போட்டு மூடிவிட்டார்கள். தொண்டைத் துடைப்பில் வந்தது சாது வைரஸ். லசோட்டா. மருந்து வைரஸேதான். வேறு எதுவும் இல்லை. முதலாளிக்கு அது போதுமானதாக இருந்தது. முட்டை பொறுக்குகிற பெண்கள் அத்தனை பேரும் தூக்குப்போசியைத் திறந்து உட்கார்ந்த சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றார். "மருந்தை ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஊத்திப்புட்டா. காப்பாத்தற மருந்த வெசமா ஆக்கிப்புட்டா." அம்மா, "இல்லீங்க, குப்பி கணக்குத்தானுங்க, நீங்க எடுத்துக் குடுத்த குப்பிதானுங்க," என்றாளாம். "அப்பறம் எதுல செத்துது? உம்பட புள்ள படிக்கற காலேசுலதான சொல்லியிருக்காங்க!" சோற்றை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்தே வீட்டுக்கு வந்தாள் அம்மா. வேலை போனதுகூடப் பெரிதில்லை. ஒரு வாரம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "ஒருவேள நாந்தான் கூட ஊத்திப்புட்டனோ கண்ணு? அன்னிக்கு என்னமோ தலவலியா இருந்துது," என்றாள். அந்த ஒரு வார்த்தை. செய்யாததைச் செய்தோம் என்று அம்மா நம்ப ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் முட்டை வாங்குவதை நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டுக் கோழி தள்ளாடி நடந்தால்கூட உள்ளே போய்விடுகிறாள்.

"எத்தன நிமிசம் ஆச்சு?" என்றாள் தவமணி. "பாதி," என்றாள் ஜெசிமா. பாதிதானா. தட்டின் ஓரத்தில் சாயத்தின்மேல் விசிறிக்காற்று சின்னச் சுருக்கம் போட்டது. ஒரு மேடு மாதிரி. மேடு. அந்த மேட்டை முதலில் பார்த்த நாள். வைரஸின் மரபெழுத்தைப் படித்துக் கணினி வரைந்து தருகிற படத்தில் நான்கு நிறத்தில் மலைத்தொடர் மாதிரி சிகரங்கள் வரும், ஒவ்வொரு சிகரமும் ஓர் எழுத்து. பண்ணைத் துடைப்பின் படத்தில் எல்லாச் சிகரமும் லசோட்டா சொல்லுகிறபடியே ஓங்கி நின்றன. ஆனால் வெட்டுமிடம் வந்ததும், அங்கே மட்டும், இரண்டு மூன்று சிகரங்களின் காலடியில் வேறு நிறத்தில் சின்னச் சின்ன மேடுகள். அந்த மேடுகளை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தால் முரட்டு வைரஸின் வரிசை வந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. நோய் முதலிலேயே கொட்டகைக்குள் வந்திருக்க வேண்டும், அதைப் பார்த்துப் பயந்துதான் முதலாளி முறை வராத நாளில் மருந்தைக் கொடுக்கச் சொல்லியிருக்க வேண்டும், சில நாள் கழித்துத் துடைத்தெடுத்த தொண்டைகளில் புதிதாக ஊற்றிய மருந்து வைரஸ் நிரம்பி வழிந்திருக்கும், முரடு அதற்கடியில் ஒளிந்துகொண்டிருக்கும். கருத்தரங்கில் இதைச் சொன்னாள். பின் வரிசையில் ஒருவன், "இதெல்லாம் மிசினோட தூசிங்க. மேட்டையெல்லாம் நம்பினா நாம ஊட்டிக்கே போயிரலாம்," என்றான், சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை. அவளும் அந்த இடத்தில் இருந்தால் தூசி என்றுதான் சொல்லியிருப்பாள். அதுதான் பயமே. ஒருவேளை தூசிதானோ. ஒருவேளை வேறு யாருடைய பண்ணையாக இருந்தால் அந்த மேட்டை அவள் கண் பார்த்தே இருக்காதோ. அன்று சாயங்காலம் எபனேசர் சாரின் அறைக்குப் போய்க் கதவோரம் நின்று, "சார், இந்த மாதிரில எனக்கு ஒரு சம்பந்தம் இருக்குங்க சார். மருந்து கலக்கினது எங்கம்மா," என்றாள். வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "சொன்னது நல்லதாப் போச்சு. அப்ப கண்ணக் கட்டிக்கிட்டுப் பாரு," என்றார். அப்படித்தான் இந்தக் கறுப்பு நாடா வந்தது.

சோதனை எளிமையானது, எளிமையானதுதான் பயமுறுத்துகிறது. தட்டின் அடியில் கோழிக்கருவின் செல்களைப் பாய் விரித்தது போல வளர்த்து, மேலே மாதிரியைவிட்டு, ஜெல்லி மாதிரி அகரால் மூடி வைத்துவிட வேண்டும். அந்த செல்களில் முரட்டு வைரஸை வெட்டுகிற கத்தி உண்டு, சாதுவை வெட்டுகிற கத்தி கிடையாது. முரடு ஒரு செல்லைக் கொன்று பக்கத்து செல்லுக்குத் தாவி, அதைக் கொன்று, வட்டவட்டமாகத் துளை போட்டுக்கொண்டே போகும். சாது நுழைந்த இடத்திலேயே நின்றுவிடும், பாய் கிழியாது. நாலைந்து நாள் கழித்து அகரை எடுத்துவிட்டுச் சாயம் ஊற்றினால் உயிரோடு இருக்கிற செல்பாய் ஊதாவாகும், துளைகள் வெள்ளையாகத் தெரியும். ஒரே ஒரு நிபந்தனை, டிரிப்சின் சேரக் கூடாது. டிரிப்சின் என்பது வெளியிலிருந்து ஊற்றுகிற கத்தி. அது இருந்தால் சாதுவும் வெட்டுப்பட்டு முரடு மாதிரியே துளை போடும். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் மருந்து வைரஸ் வளர்க்கிறவர்கள், சாது டிரிப்சின் இல்லாமல் பரவாது, ஆகவே வளர்ப்புத் திரவத்தைத் தயாரிக்கும்போதே டிரிப்சினைக் கலந்து, கலந்ததற்கு அடையாளமாகப் புட்டியின் கழுத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுவது பழக்கம். நூல் இருந்தால் கத்தி இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. எத்தனையோ வருசமாக அந்த நூலை நம்பித்தான் எல்லோரும் வேலை செய்தார்கள். போன மாதம் முதல் முறை இதே சோதனையைச் செய்தபோது, நூல் இல்லாத புட்டியைப் பார்த்துத்தான் எடுத்தாள். சாயத்தைக் கழுவியதும் பண்ணைத் தட்டில், அம்மாடி, துளைகள். வானத்தில் நட்சத்திரம் மாதிரி. வேறு எதையும் பார்க்கவில்லை அவள். மற்றத் தட்டுகளை அப்படியே சாயத்தோடு போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடி அம்மாவைக் கூப்பிட்டாள். "நீ செய்யலம்மா! நீ இல்லம்மா! முரட்டு வைரஸ் இருக்குது!" அந்தப் பக்கம் அம்மா அழுதாள், விக்கி விக்கி அழுதாள், பிறகு சிரித்தாள். தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து லசோட்டாத் தட்டைக் கழுவினாள். அதிலும் நட்சத்திரம். அதே அளவு, அதே வெள்ளை. சாதுவும் துளை போட்டிருந்தது. புட்டியை எடுத்துக் குளிர்பெட்டிக்குள் தடவிப் பார்த்தால், அடித்தட்டில் ஈரத்தில் அவிழ்ந்து கிடந்தது சிவப்பு நூல்.

அம்மாவை மறுபடி கூப்பிட்டது. அந்த இடம் வந்தாலே நினைப்பு முள்ளில் மாட்டிய சேலை மாதிரி நின்றுவிடுகிறது, முன்னும் போகாது, பின்னும் வராது. மணி அடித்து, அம்மா எடுத்து, இன்னும் சிரிப்பு மாறாத குரலில் "சொல்லு அம்மிணி," என்றாள். எப்படிச் சொன்னாள் என்றுகூட ஞாபகமில்லை. அம்மா, தப்பாகிவிட்டது, திரவத்தில் வேறொன்று கலந்திருக்கிறது, இந்தச் சோதனை செல்லாது, முரடு இருக்கிறதா இல்லையா என்று இன்னும் தெரியாது, அப்படித்தான் என்னவோ சொல்லியிருப்பாள். அந்தப் பக்கம் அடுத்த வீட்டு டிவி கேட்டது. பிறகு அம்மா, "செரி கண்ணு," என்றாள். பிறகு, "சாப்புட்டியா?" திட்டியிருக்கலாம். ஏண்டி முழுசாப் பாக்காம சொன்னே என்று கேட்டிருக்கலாம். சாப்புட்டியா. அன்றைக்கு எபனேசர் சாரிடம் போய்ச் சொன்னாள், கூடத்தில் எல்லோரிடமும் சொன்னாள், நூலுக்குப் பதில் இனிப் புட்டிமேல் எழுதுவோம் என்றார்கள், எழுதினார்கள், அதெல்லாம் சரியாகிவிட்டது. சாப்புட்டியா மட்டும் சரியாகவில்லை. இந்தத் தடவை தன் திரவத்தைத் தானே தயாரித்தாள், தனிப் புட்டி, தனிக் குழல். நான்கு தட்டு. ஒன்றில் வைரஸே கிடையாது, வெறும் செல். ஒன்றில் லசோட்டா. ஒன்றில் முரடு என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு வைரஸ், சோதனை வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. இன்னொன்றில் பண்ணை மாதிரி. ஒரு தட்டில் மட்டும் துளை வந்தால் அவள் தோற்றாள், மேடு தூசி, அம்மாவை விடுவிக்க அவளிடம் ஒன்றும் இல்லை. மூன்றில் வந்தால் மறுபடி டிரிப்சின் எங்கிருந்தோ நுழைந்துவிட்டது, எல்லாம் பாழ். இரண்டில் வர வேண்டும். சரியாக இரண்டில். நான்கையும் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

"ஆச்சு," என்றாள் ஜெசிமா. ஆயிற்றா. கால் மணி நேரம் போதாது போலிருந்தது இப்போது. இன்னும் கொஞ்சம் இருக்கலாம், தெரியாமலே இருக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம். எழுந்தாள். காலில் ஊசி குத்தியது, மரத்துப்போயிருந்தது. எந்தத் தட்டை முதலில் எடுப்பது. கை தானாக 'ஆ'வை எடுத்தது. கழுவுதொட்டியில் குழாயை மெல்லத் திறந்து, தட்டைச் சாய்த்து, தண்ணீரை விளிம்பில் விழவிட்டாள். ஊதா வழிந்தது, வழிந்து வெளிறியது, வெளிற வெளிறத் தட்டு முழுக்கத் துளைகள், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, சல்லடை மாதிரி. இது முரட்டுச் சாட்சியாக இருக்கலாம். டிரிப்சினாகவும் இருக்கலாம். எல்லாத் தட்டும் இப்படியே வரலாம். கவிழ்த்து வைத்தாள். அடுத்தது 'அ'. தண்ணீர் வழிந்தது. ஊதா, முழு ஊதா, கசங்காத பட்டுத்துணி. துளை இல்லை. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒன்றுகூட இல்லை. இது வெறும் செல்லாக இருக்கலாம், அதனால் இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடுத்து 'ஈ'. தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. ஊதா. முழு ஊதா. இரண்டு தட்டு துளையில்லாமல். அப்படியானால் டிரிப்சின் இல்லை. இந்தத் தடவை கத்தி இல்லை, திரவம் சுத்தம், அதுவரைக்கும் அவள் கை சுத்தம். ஆனால் துளையில்லாத இரண்டு எவை? வெறும் செல்லும் லசோட்டாவுமா? வெறும் செல்லும் பண்ணையுமா? இதுவரை இரண்டுக்கும் ஒரே முகம். எல்லாம் கடைசித் தட்டில் இருக்கிறது. 'இ' ஊதாவாக வந்தால் முடிந்தது கதை. அம்மாவின் தலைவலி, கூட ஊற்றிவிட்டேனோ கண்ணு, அந்தத் திருப்பாத முகம், எல்லாம் அப்படியே நின்றுவிடும். ஜெசிமாவின் கால் ஆடுவது நின்றிருந்தது.

'இ'யை எடுத்தாள். சாயத்தைக் கொட்டினாள். தண்ணீரின் கீழே பிடித்தாள். ஊதா ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, இந்தத் தட்டில் மட்டும் ஏன் இவ்வளவு சாயம் என்று தோன்றியது, கண்ணை மூடிக்கொண்டாள், பிறகு கண்ணை மூடுகிறவள் எதற்கு ஆராய்ச்சிக்கு வந்தாள் என்று தோன்றியது, திறந்தாள். நடுவில் ஒன்று. வட்டம். வெள்ளை. குமிழியோ, நீர்க்குமிழி இப்படித்தான் இருக்கும், தட்டை ஆட்டினாள், நகரவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தண்ணீர் வடிய வடிய, மழை நின்றதும் முற்றத்தில் கோலம் தெளிவதுபோல, ஒவ்வொன்றாக மேலே வந்தன, கூட்டமாக அல்ல, அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒவ்வொன்றும் தனித்தனி வட்டமாக, 'ஆ' தட்டின் துளைகள் எவ்வளவு தெளிவோ அவ்வளவு தெளிவாக. சாதுக்களின் கூட்டத்துக்கடியில் ஒளிந்திருந்தவை. மேடு. தூசி இல்லை. மேடு. "எண்ணு," என்றாள் ஜெசிமா. தவமணி எண்ணினாள். வாய்விட்டு எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள். அதற்கப்புறம்தான் தட்டுகளைக் கவிழ்த்து நாடாவை உரித்தாள், அதுவும் வரிசையாக. அ, வெறும் செல். ஆ, முரட்டுச் சாட்சி. ஈ, லசோட்டா. கடைசி நாடா நகத்துக்குச் சிக்காமல் கோணலாகக் கிழிந்தது, கீழே ஜெசிமாவின் கையெழுத்தில் ஒரே சொல், பண்ணை. ஜெசிமா ஸ்டூலைத் தள்ளிவிட்டு வந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, "பாவி மகளே, கால் மணி நேரமா என் மூஞ்சியக் கல்லு மாதிரி வெச்சிருந்தேன்டி, தாடையே வலிக்குது," என்று கத்தினாள். அவள் போட்ட சத்தத்தில் எபனேசர் சார் சிவப்புப் பேனாவோடு மேலே வந்துவிட்டார். ஒவ்வொரு தட்டாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நாடாக்களைப் பார்த்தார். "டிரிப்சின்?" என்றார். "இல்லீங்க சார். லசோட்டா பாருங்க, சுத்தம்." அவர் 'இ'யை மறுபடி தூக்கிப் பார்த்துக்கொண்டே, "அந்த ஊட்டிக்காரன திங்கக்கிழம இங்க கூட்டிட்டு வா," என்றார். "மேட்டக் காட்டுவோம்."

வராந்தாவில் வெயில் அடித்தது. அதே தூண், போன மாதம் சாய்ந்து நின்ற அதே தூண். தவமணி அழைத்தாள். மணி அடித்தது, அடித்தது. "சொல்லு கண்ணு," என்றாள் அம்மா, எச்சரிக்கையான குரலில், சூடு கண்ட பூனை பால் கிண்ணத்தைப் பார்ப்பதுபோல. "அம்மா. முரட்டு வைரஸ் இருக்குதும்மா. நீ மருந்து கலக்கறதுக்கு முன்னாடியே கொட்டகைக்குள்ள நோய் இருந்திருக்கோணும். உன் மருந்து கோழியக் கொல்லல. அதால கொல்லவே முடியாது, அந்தச் சாக்கு அவ்வளவு லேசாப் பிரியாது." அந்தப் பக்கம் டிவி கேட்டது. பிறகு அம்மா கேட்டாள், "இந்தத் தடவ எல்லாத் தட்டும் பாத்துட்டியா?" தவமணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "நாலும் பாத்துட்டேம்மா. சாரும் பாத்துட்டாரு. காயிதத்துல எழுதிக் குடுக்கறன்னு சொல்லிட்டாரு." "அப்பச் செரி," என்றாள் அம்மா. ஏதோ பாத்திரம் கீழே வைக்கிற சத்தம். அவள் மூக்கை உறிஞ்சினாள், பிறகு தவமணி எத்தனையோ நாளாகக் கேட்காத, சாக்குத் தையலை ஒரே இழுப்பில் உருவுகிற குரலில், "அந்தக் காயிதம் வரட்டும். நானே எடுத்துட்டுப் போறேன். எல்லாரும் சோறு திங்க உக்காந்த நேரமாப் பாத்துத்தான் போவேன்," என்றாள். "போய் என்னம்மா சொல்லுவே?" "ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவரையே சத்தமாப் படிக்கச் சொல்லுவேன்." தவமணி தூணில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள், கீழே போன வாட்ச்மேன் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "சாப்புட்டியா கண்ணு?" என்றாள் அம்மா. "இல்லம்மா. இனித்தான்." "போய்ச் சாப்புடு. முட்ட வாங்கித் தின்னு. நானும் வாங்கியாறேன்."

ஜெசிமா சொன்னதில் இவ்வளவுதான் நான் எழுதுவது. செல்லாயி அந்தக் காகிதத்தோடு போனதையும், முதலாளி அதைப் படித்ததையும், பாதிக் குரலில் தொடங்கியவரை அவள் "கேக்கலீங்க" என்று முதலிலிருந்து படிக்கவைத்ததையும் ஜெசிமா நடித்தே காட்டுவாள். ஜெசிமாவும் பார்க்காதது அது, அதனால் அதற்குமேல் எழுதவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் நானே சரிபார்த்தேன். ஜெசிமா ஒவ்வொரு தடவையும் துளைகள் இருபத்து மூன்று என்றுதான் சொல்லுவாள், அடித்துச் சொல்லுவாள். தவமணியின் ஆய்வேடு நூலகத்துக்கு வந்தபோது எடுத்துப் பார்த்தேன். 'இ' தட்டின் படம் அதில் இருக்கிறது. படத்தில் எண்ணினால் ஜெசிமா சொன்னது சரி, இருபத்து மூன்று. ஆனால் கீழே தவமணி எழுதியிருப்பது இருபத்திரண்டு. தட்டின் விளிம்பை ஒட்டி இருக்கிற ஒன்று தானாகக் கிழிந்ததாகவும் இருக்கலாம் என்பதால் எண்ணிக்கையில் சேர்க்கப்படவில்லை என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது.